அரசு வளர்க்கும் பிள்ளைகளின் பேச்சை யார் கேட்பது? பிரிட்டனில் 'அட்வகசி' வளர்ந்த கதை, எளிமையாக

குழந்தைகள் இல்லங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் "குரலற்றவர்களின் குரலாக இருப்போம்" என்ற வாசகமும் கூடவே வந்துவிடுகிறது. நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அங்கே வளரும் பிள்ளைகள் பேசத் தெரியாதவர்கள் இல்லை. சாப்பாட்டைப் பற்றி, வார்டனைப் பற்றி, தம்பியை ஏன் வேறு இல்லத்துக்கு அனுப்பினார்கள் என்பதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். முடிவெடுக்கிற மேசைவரை அந்தப் பேச்சு போய்ச் சேர்வதில்லை.

அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்கு அட்வகசி என்று பெயர். அதைச் செய்பவர் அட்வகேட். இங்கே கோர்ட்டில் வாதாடும் வக்கீலைச் சொல்லவில்லை. தொண்டு, கவுன்சலிங், குழந்தைப் பாதுகாப்பு என எல்லாவற்றுக்கும் இந்தப் பெயரைப் போட்டுவிடுவதால், அதன் தனி வேலை என்ன என்பது மறந்தே போகிறது. பிரிட்டனின் அனுபவத்தை வைத்து அதை விளக்கப் பார்க்கிறேன். அங்கே இந்த வரலாறு நன்றாகப் பதிவாகியிருக்கிறது. அதன் முக்கியமான பகுதியை நடத்தியவர்களும் அரசின் பராமரிப்பில் வளர்ந்த இளைஞர்களே.

டாக்டர் அறையில் ஒரு தாத்தா

வயதானவர் ஒருவரை மகன் டாக்டரிடம் கூட்டிப்போகிறார். "என்ன செய்யுது?" என்று டாக்டர் பெரியவரைத்தான் கேட்கிறார். பதில் மகனிடமிருந்து வருகிறது: "சுகர் ஏறியிருக்கும் சார், சொல்லச் சொல்ல இனிப்பு சாப்பிடுறார்." பெரியவருக்கோ முழங்கால் வலிதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது. மகன் சொன்னது பொய் இல்லை. அவர் பாசத்திலும் குறை இல்லை. ஆனாலும் டாக்டர் எழுதித் தந்த சீட்டில் முழங்காலைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

அடுத்த தடவை பேத்தி கூடப் போகிறாள். போவதற்கு முந்தின நாளே தாத்தாவிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறாள். டாக்டர் அறையில் தாத்தா தயங்கும்போது, "முழங்கால் வலியைப் பத்திக் கேட்கத்தான் வந்திருக்கார். மாத்திரை வேண்டாமாம், ஊசி போட முடியுமான்னு கேட்கிறார்" என்கிறாள். ஊசி சரிவராது என்று அவளுக்கே தோன்றலாம். அதை அவள் அங்கே சொல்வதில்லை. ஊசி போடலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். தாத்தா கேட்டது என்ன என்பது டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை.

மகன் பேசியது நலன்: இந்த மனிதருக்கு எது நல்லது என்று இன்னொருவர் கணிப்பது. பேத்தி பேசியது விருப்பம்: இந்த மனிதர் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்வது. அட்வகேட் உட்கார்வது பேத்தியின் நாற்காலியில்.

நடைமுறையில் எப்படி நடக்கிறது

பிரிட்டனில் ஒரு பிள்ளை பெற்றோருடன் வாழ முடியாத நிலை வந்தால், உள்ளூர் கவுன்சில், அதாவது அந்தப் பகுதியின் உள்ளாட்சி, பொறுப்பேற்கிறது. இதைத்தான் பராமரிப்பு என்கிறோம். பராமரிப்பில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகள் வளர்ப்புக் குடும்பங்களில் வாழ்கிறார்கள். ஒரு பகுதியினர் சிறு இல்லங்களில். ஒவ்வொரு பிள்ளைக்கும் கவுன்சிலின் சமூகப் பணியாளர் ஒருவர் உண்டு. குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு மறுஆய்வுக் கூட்டம் நடக்கும். எங்கே வாழ்வது, எந்தப் பள்ளி, அம்மாவை மாதத்தில் எத்தனை தடவை பார்ப்பது என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படும்.

அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எல்லோரும் பிள்ளையின் நலனைத்தான் பேசுகிறார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போனால் கோர்ட் நியமிக்கும் கார்டியன்கூட, பிள்ளை சொல்வதைத் தெரிவித்துவிட்டு, கடைசியில் எது நல்லது என்ற தன் கருத்தைத்தான் எழுதுவார். நல்ல நோக்கத்தோடு வந்த இத்தனை பேருக்கு நடுவில் 13 வயதுப் பிள்ளை ஒன்று வாய் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

அட்வகேட் கூட்டத்துக்கு முன்பே பிள்ளையைத் தனியாகச் சந்திப்பார். என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது நடக்கும், எது நடக்காது என்று மறைக்காமல் சொல்வார். நீயே பேசுகிறாயா, நான் பேசட்டுமா, எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்பார். பிள்ளை தானே பேசினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அதுதான் மிகச் சிறந்த நிலை. பிள்ளை சொன்னதை வெளியே சொல்ல மாட்டார்; யாருக்காவது கடுமையான ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் விதிவிலக்கு. கூட்டம் முடிந்த பிறகு, கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா என்று பின்தொடர்வார்.

"பிள்ளை ஆபத்தானதைக் கேட்டால்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அடிதடி நடக்கும் வீட்டுக்கே திரும்பிப் போகணும் என்று ஒரு பையன் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அட்வகேட் அதையும் அப்படியே சொல்வார். அனுப்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் பொறுப்பும் அதிகாரமும் மற்றவர்களிடம் அப்படியே இருக்கின்றன. ஆனால் அவன் கேட்டது காதில் விழுந்தால்தான், "ஏன் கேட்கிறான்?" என்று யாராவது யோசிப்பார்கள். அம்மா எப்படி இருக்கிறாள் என்ற பயமாக இருக்கலாம். வாரம் இரண்டு தடவை போனில் பேச விட்டாலே அது தணியலாம். கேட்காமல் விட்டால், ஒரு நாள் அவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போவான். அப்போது கோப்பில் 'நடத்தைக் கோளாறு' என்று எழுதுவார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அட்வகேட் முடிவெடுப்பவர் இல்லை, பிள்ளைக்கு எது நல்லது என்று கணிப்பவரும் இல்லை. பிள்ளையின் விருப்பம், முடிவெடுப்பவர்களை அடையும்படி பார்த்துக்கொள்பவர். சரி, இந்த எளிய யோசனை சட்டமாக ஏன் இவ்வளவு காலம் பிடித்தது?

பிள்ளைகளைக் கேட்காத நல்லவர்கள்

19ஆம் நூற்றாண்டு லண்டனில் தெருப்பிள்ளைகளுக்காகப் பாடுபட்டவர்கள் நிறையப் பேர். டாக்டர் பர்னார்டோ 1870இல் ஸ்டெப்னியில் ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தைத் திறந்தார். பசியிலிருந்தும் குளிரிலிருந்தும் ஏராளமான பிள்ளைகளை இப்படிப்பட்ட இல்லங்கள் காப்பாற்றின. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அதே நல்லவர்கள்தான் பிள்ளைகளைக் கப்பலிலும் ஏற்றினார்கள். 1869 தொடங்கிப் பல பத்தாண்டுகளில் சுமார் 1 லட்சம் பிள்ளைகள் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பண்ணை வேலைக்கு, வீட்டு வேலைக்கு. ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவது 1960கள் வரை நீடித்தது. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, இறந்துவிட்டார்கள் என்று பிள்ளைகளிடம் சொன்ன சம்பவங்களும் உண்டு. பல பேருக்குத் தங்கள் பிறந்த தேதிகூடச் சரியாகத் தெரியாது. புதிய நாடு, சுத்தமான காற்று, நல்ல எதிர்காலம் என்பதுதான் இதற்குச் சொன்ன நியாயம். பிரிட்டிஷ் அரசின் சார்பில் பிரதமர் கார்டன் பிரவுன் மன்னிப்புக் கேட்டது 2010 பிப்ரவரியில். ஆஸ்திரேலியா அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2009 நவம்பரில் கேட்டது.

கருணை குறைந்ததால் இது நடக்கவில்லை. நலனை மட்டும் பேசிய ஓர் ஏற்பாட்டில், "எனக்குப் போக விருப்பமில்லை" என்று சொல்ல ஒரு இடம் இல்லாமல் போனதால் நடந்தது.

இரண்டு மரணங்கள், இரண்டு சட்டங்கள்

இரண்டாம் உலகப்போர் காலத்தில் குழந்தைகள் இல்லங்களின் நிலைமை பற்றி லேடி ஆலன் என்பவர் 1944இல் 'தி டைம்ஸ்' இதழுக்கு எழுதிய கடிதம் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. 1945 ஜனவரியில், வளர்ப்புப் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருந்த 12 வயது டெனிஸ் ஓ'நீல் என்ற சிறுவன், ஷ்ராப்ஷயரில் ஒரு பண்ணையில் அடியாலும் பட்டினியாலும் இறந்தான். மைரா கர்ட்டிஸ் தலைமையிலான குழு 1946இல் அறிக்கை தந்தது. 1948இல் குழந்தைகள் சட்டம் வந்தது. பராமரிப்பிலுள்ள பிள்ளையின் நலனை வளர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று அது சொன்னது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் அதில் பேசியது மகன்தான், பேத்தி இன்னும் வரவில்லை.

1973 ஜனவரியில் பிரைட்டனில் மரியா கோல்வெல் என்ற 7 வயதுச் சிறுமி மாற்றாந்தகப்பனால் அடித்துக் கொல்லப்பட்டாள். அத்தையும் மாமாவும் அவளை வளர்த்துவந்தார்கள். அவர்களிடமிருந்து பிரித்துத் தாயிடம் அனுப்பியபோது அவள் போக மாட்டேன் என்று போராடினாள். அந்த எதிர்ப்பைப் பார்த்தவர்கள் இருந்தும் அது முடிவை மாற்றவில்லை. இந்த மரணத்தின் அதிர்ச்சி 1975ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு புது வரியைச் சேர்த்தது: முடிவெடுக்கும்போது உள்ளாட்சி, முடிந்தவரை பிள்ளையின் விருப்பத்தையும் உணர்வையும் கேட்டறிந்து, வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்.

சட்டப் புத்தகத்தில் விருப்பம் நுழைந்துவிட்டது. ஆனால் யார் கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று எந்த ஏற்பாடும் இல்லை.

பிள்ளைகளே கூடிப் பேசியபோது

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1973இல் லீட்ஸ் நகரில் பராமரிப்பில் இருந்த இளைஞர்கள் 'ஆட்-லிப்' என்ற பெயரில் ஒரு குழுவாகக் கூடத் தொடங்கினார்கள். சமூகப் பணியாளர்களும் உதவினார்கள். 1975இல் லண்டனில் நேஷனல் சில்ட்ரன்ஸ் பீரோ என்ற அமைப்பு 'ஹூ கேர்ஸ்?' (யாருக்கு அக்கறை?) என்ற மாநாட்டைக் கூட்டியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பராமரிப்பில் இருந்த சுமார் 100 இளையோர் வந்தார்கள்.

தனித்தனி இல்லத்தில் இருந்தவரை, தனக்கு நடப்பது தன் அதிர்ஷ்டக் குறைவு என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். ஒரே அறையில் உட்கார்ந்து பேசினால், வேறு ஊர்க்காரனுக்கும் அதேதான் நடக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. சொந்தக் குறை என்று நினைத்தது ஓர் ஏற்பாட்டின் குறை என்று புரிந்தபிறகு அதை மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

என்ன குறைகள்? பெரிய கொடுமைகள் மட்டும் இல்லை, தினசரி அவமானங்கள். துணி வாங்கக் கையில் பணம் தராமல் கவுன்சிலின் ஆர்டர் சீட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். அதைக் குறிப்பிட்ட கடைகளில்தான் நீட்ட முடியும். கவுண்டரில் சீட்டை நீட்டியதும், இது இல்லத்துப் பிள்ளை என்று வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கூடப் படிக்கும் பெண்ணும் அந்த வரிசையில் இருக்கலாம். அப்புறம் அடி. பிறகு, தன் வாழ்க்கையைப் பற்றிய மறுஆய்வுக் கூட்டத்துக்குத் தன்னையே கூப்பிடாதது. தன்னைப் பற்றிக் கோப்பில் எழுதியதைத் தானே படிக்க முடியாதது. 18 வயதானதும், பெட்டியோடு தனியாக வெளியே நிற்பது.

மாநாட்டிலிருந்து தொடங்கிய குழுவின் பேச்சு 1977இல் 'ஹூ கேர்ஸ்?' என்ற பெயரிலேயே புத்தகமானது. அதில் ஒரு உரிமைப் பட்டியலும் இருந்தது. தாங்கள் யார், தங்கள் பெற்றோரும் உடன்பிறந்தோரும் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமையைக் கேட்டார்கள். முத்திரை குத்தப்படாமல் சமூகத்தில் மற்றவர்களைப் போல வாழும் உரிமையைக் கேட்டார்கள். இன்னொன்றும் கேட்டார்கள்: தங்கள் சார்பில் பேசுபவரையும், மனம்விட்டு ரகசியமாகப் பேசக்கூடியவரையும் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை. இன்றைய அட்வகேட்டின் வேலை முழுவதும் அந்தக் கோரிக்கைக்குள் இருக்கிறது. அதை எழுதியவர்கள் நிபுணர்கள் இல்லை, பதின்வயதுப் பிள்ளைகள்.

1978இல் 'ஹூ கேர்ஸ்? ஸ்காட்லாந்து' என்ற அமைப்பு தொடங்கியது. 1979இல் 'நேபிக்' என்ற சுருக்கப் பெயரில் பராமரிப்பிலுள்ள இளைஞர்களின் தேசியச் சங்கம் பிறந்தது. பராமரிப்பில் இருப்பவர்களும் இருந்தவர்களுமே அதை நடத்தினார்கள். 1983இல் நாடாளுமன்றக் குழுவுக்குத் தங்கள் அனுபவங்களைச் சாட்சியமாக எழுதிக் கொடுத்தார்கள். ஆர்டர் சீட்டுகளை ஒழிக்கவும், அடிப்பதை நிறுத்தவும், மறுஆய்வுக் கூட்டத்தில் உட்கார இடம் கேட்டும் கவுன்சில் கவுன்சிலாகப் போராடினார்கள். 1980களில் கறுப்பின இளைஞர்கள் தனியாகக் கூடி, தங்கள் பண்பாடு தெரிந்த குடும்பங்களில் வளர்வதைப் பற்றிப் பேசினார்கள். தங்கள் முடியையும் தோலையும் எப்படிப் பராமரிப்பது என்றே தெரியாத இல்லங்களைப் பற்றியும் பேசினார்கள்.

நேபிக் 1990களின் நடுவில் மூடப்பட்டது. அரசு தந்த நிதி நின்றதும் அதனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வளர வளர உறுப்பினர்கள் வெளியேறிக்கொண்டே இருக்கும் சங்கம் அது. சொந்த வருமானமும் கிடையாது, பணக்கார அப்பா அம்மாவும் கிடையாது. அப்படி இருந்தும் இத்தனை ஆண்டுகள் நடத்தியிருக்கிறார்கள். அதற்கான பெயர் அவர்களுக்குப் போதுமான அளவு கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

சுருக்கமாக: 1948இல் நலன் சட்டமானது, 1975இல் விருப்பம் சட்டத்தில் ஒரு வரியானது. அந்த வரிக்கு உயிர்கொடுக்க என்ன தேவை என்று 1970களிலேயே பிள்ளைகள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

கேட்காததன் விலை

அதே காலத்தில் ஸ்டாஃபோர்ட்ஷயரின் சில இல்லங்களில் 'பின்டவுன்' என்ற முறை நடந்துகொண்டிருந்தது. 1983 முதல் 1989 வரை. சொன்னபடி கேட்காத பிள்ளைகளைத் தனி அறையில் வைப்பார்கள், இரவு உடையோடு. மற்றவர்களோடு பேசக்கூடாது. கழிப்பறைக்குப் போகக் கதவைத் தட்டி அனுமதி கேட்க வேண்டும். சிலரை வாரக்கணக்கில் வைத்தார்கள். குறைந்தது 132 பிள்ளைகள் இதற்கு ஆளானதாக 1991இல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது. இதையெல்லாம் ஊழியர்களே நாளேட்டில் ஒழுங்காக எழுதிவைத்திருந்தார்கள் என்பதுதான் என்னை உலுக்குகிறது. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. பிள்ளைகள் புகார் சொல்ல வெளியாள் இல்லாத இடத்தில் இப்படித்தான் ஆகும். கடைசியில் ஒரு பெண்பிள்ளையின் சார்பில் ஒரு வழக்கறிஞர் கோர்ட்டுக்குப் போனபிறகுதான் அது நின்றது.

கோப்பு விஷயத்தில் வென்றவர் கிரஹாம் காஸ்கின். லிவர்பூல் கவுன்சிலின் பராமரிப்பில் வளர்ந்தவர். தன் குழந்தைப்பருவக் கோப்பைப் பார்க்கக் கேட்டார். முழுவதையும் தர மறுத்தார்கள். 1989இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. குடும்பத்தில் வளர்ந்த நமக்கு, "நீ சின்ன வயசில் இப்படி இருந்தாய்" என்று சொல்ல அம்மா இருக்கிறாள். அவருக்கு அந்த இடத்தில் இருந்தது கவுன்சிலின் கோப்பு.

2000இல் வடக்கு வேல்ஸ் இல்லங்களில் நடந்த பாலியல் வன்கொடுமைகள் பற்றிய வாட்டர்ஹவுஸ் அறிக்கை வந்தது. அதன் பரிந்துரையால் 2001இல், பிள்ளைகளின் உரிமைக்காகப் பேசும் குழந்தைகள் ஆணையர் பிரிட்டனிலேயே முதன்முறையாக வேல்ஸில் பதவியேற்றார்.

சட்டம் வந்து சேர்ந்த விதம்

1989 இரண்டு காரணங்களுக்காக முக்கியமான ஆண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிய குழந்தைகள் சட்டம் நிறைவேறியது. பிள்ளைகளே புகார் தரும் முறையை அது கட்டாயமாக்கியது. ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையும் அந்த ஆண்டுதான் ஏற்கப்பட்டது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புப் பெறவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12ஆம் பிரிவு. இந்தியா 1992இல் இந்த உடன்படிக்கையை ஏற்றது, ஆகவே இந்தப் பிரிவு நம் ஊர் இல்லங்களுக்கும் பொருந்தும்.

புகார் தர உரிமை இருந்தால் போதுமா? கவுன்சில் வீட்டில் வாழ்ந்துகொண்டு, கவுன்சில் மேல் 12 வயதுப் பிள்ளை எப்படிப் புகார் எழுதும்? 2002இல் வந்த சட்டம் இதற்குப் பதில் சொன்னது: புகார் தரும் பிள்ளைக்கு அட்வகேட் உதவியை ஏற்பாடு செய்வது கவுன்சிலின் கடமை. அதே ஆண்டு வந்த தேசிய நெறிமுறைகளின் முதல் விதி, அட்வகசியைப் பிள்ளையின் கருத்தும் விருப்பமும்தான் வழிநடத்த வேண்டும் என்கிறது. 1977 உரிமைப் பட்டியலோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள், 25 ஆண்டுகள்.

ஸ்காட்லாந்து இன்னொரு வழியில் போனது. ஹூ கேர்ஸ்? ஸ்காட்லாந்து இளைஞர்களின் தொடர்ந்த அழுத்தத்துக்குப் பிறகு, 2016 அக்டோபரில் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன், பராமரிப்பு முறையை வேரிலிருந்து மறுஆய்வு செய்வதாக அறிவித்தார். அதை அனுபவித்தவர்களே வழிநடத்துவார்கள் என்றார். 5,500க்கும் மேற்பட்டோரின் அனுபவங்களைக் கேட்டபிறகு 2020 பிப்ரவரியில் 'தி பிராமிஸ்' என்ற அறிக்கை வந்தது. அதே ஆண்டு நவம்பரில், பிள்ளைகளின் வழக்குகளைக் கேட்கும் 'சில்ட்ரன்ஸ் ஹியரிங்' அமர்வுகளுக்கு வரும் பிள்ளைகளுக்காக நாடு தழுவிய அட்வகசித் திட்டம் தொடங்கியது.

இன்னும் எது மிச்சம்

இங்கிலாந்தில் இரண்டு சிக்கல்கள் தீரவில்லை. ஒன்று, அட்வகேட்டுக்குச் சம்பளம் பெரும்பாலும் கவுன்சில் பணத்திலிருந்து வருகிறது. எந்த அலுவலகத்தை எதிர்த்துப் பிள்ளைக்காகப் பேச வேண்டுமோ, அதே அலுவலகம்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்றும் தீர்மானிக்கிறது. தொண்டு நிறுவனங்கள் மூலம் நடத்துவதால் இடைவெளி கொஞ்சம் கிடைக்கிறது, முழுதாகக் கிடைப்பதில்லை.

இரண்டாவது, பொதுவாகப் பிள்ளை கேட்டால்தான் அட்வகேட் வருவார். இப்படி ஓர் உதவி இருப்பதே தெரியாத பிள்ளை எப்படிக் கேட்கும்? புதிதாக வந்த 6 வயதுப் பிள்ளையோ, பேச்சு வராத மாற்றுத்திறனாளிப் பிள்ளையோ, 'புகார்' என்ற சொல்லைக் கேட்டாலே இருக்கிற இடமும் போய்விடும் என்று பயப்படும் பிள்ளையோ கேட்கப்போவதில்லை. 2022 மே மாதம் ஜோஷ் மக்ஆலிஸ்டர் தலைமையில் வெளியான குழந்தைகள் சமூகநல மறுஆய்வு இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொன்னது: பராமரிப்புக்குள் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சுதந்திரமான அட்வகேட் ஒருவர் தானாகவே கிடைக்க வேண்டும், வேண்டாம் என்றால் பிள்ளை மறுத்துக்கொள்ளலாம். கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்கும், மறுக்காதவரை உண்டு என்பதற்கும் நடுவில் உள்ள தூரம், வாய் திறக்கப் பயப்படும் பிள்ளைக்கு மிகப் பெரியது.